மாமாவின் கட்டிலுக்கு மேலே

தலைக்கு மேலே தொங்குகிற எதையும் எங்கள் சனம் லேசில் நம்பாது. குலை குலையாகக் காய்த்த தென்னைக்குக் கீழே சாய்மனைக்கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசிப்பார்கள், அதற்குப் பயமில்லை. நான் பூட்டிக் கொடுத்த மின்விசிறிக்குக் கீழே இருக்கச் சொன்னால் மட்டும் கதிரையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய்விடுவார்கள். நான் ஏணியைச் சாத்தும்போதே, "தம்பி, உது கழண்டு விழாதோ?" என்று கேட்டுவிடுவார்கள். விழாது என்று வாயால் சொன்னால் போதாது. கொழுக்கியை அடித்து முடித்ததும் அதைப் பிடித்து நானே தொங்கிக் காட்ட வேண்டும். வலிகாமத்தில் எத்தனையோ வீடுகளில் வௌவால் மாதிரித் தொங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ஓம், தாங்கும்போலை கிடக்கு" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மின்விசிறி மேலே போகும்.

அதுதான் என் தொழில். காங்கேசன்துறைப் பக்கம் வேலைக்குப் போன காலத்தில் மோட்டார் சுற்றப் பழகினேன். பிறகு யாழ்ப்பாணப் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு தேத்தண்ணீர்க் கடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை போட்டேன். அது எழுபதுகளின் முற்பகுதி. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். வெங்காயமும் மிளகாயும் போட்டவர்களின் கையில் காசு புழங்கியது. வாங்குவதற்குத்தான் புது மின்விசிறி இல்லை. ஆகவே பழசுகளுக்கு வந்தது மவுசு. எரிந்துபோன மோட்டாரைச் சாக்கில் கட்டி, பிணத்தைக் கொண்டுவருகிற முகத்தோடு கொண்டுவருவார்கள். நான் கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயவைத்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, கடையின் முன்கொழுக்கியில் கொழுவி ஓடவிடுவேன். அது சுற்றத் தொடங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சந்தோஷத்துக்காகவே இன்னொரு பிறவியிலும் இந்தத் தொழிலைச் செய்வேன்.

எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. கொஞ்சம் என்பது நான் சொல்லும் அளவு. என் மனைவியைக் கேட்டால் வேறு அளவு சொல்லுவாள். என் வேலையில் பிழை என்று யாராவது சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். கடைக்கு வருகிறவர்களோடு சண்டை பிடித்துவிட்டு, அவர்கள் போன பிறகு அந்த மோட்டாரைத் திரும்பவும் கழற்றிப் பார்ப்பேன். பிழை இருந்தால் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சரிசெய்து கொடுப்பேன். போகிற வழியிலும் திட்டிக்கொண்டுதான் போவேன்.

நாங்கள் கொழும்புத்துறையில் குடியிருந்தோம். மனைவியின் தாய் தகப்பன் சண்டிலிப்பாயில். மாமா புகையிலைத் தோட்டக்காரர். ஆள் நெடுவல், பேச்சுச் சுருக்கம். ஒரு சொல்லில் முடியக்கூடிய காரியத்துக்கு அரைச் சொல்லோடு நிறுத்திவிடுவார். மாமியோடு அவர் கதைத்து நான் கண்டதில்லை. ஆட்கள் முன்னிலையில் புருஷன் பெண்சாதி கதைத்துக்கொண்டிருப்பது அந்தத் தலைமுறைக்குக் கூச்சமான காரியம். அவர் முன்பக்கத்து அறையிலே, மாமி குசினியிலும் கிணற்றடியிலும். சாப்பாடு போடும்போதுகூட, "கறி காணும்" என்று, போதும் என்பதைக்கூடச் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துத்தான் சொல்லுவார்.

மாமாவுக்கு மூச்சிழுப்பு வியாதி. பனிக்காலத்தில் கூடும், புழுக்கத்தில் இன்னும் கூடும். முகத்திலே காற்றுப் பட்டால்தான் மனுஷனால் நீட்டி நிமிர்ந்து படுக்க முடியும். அதனால் இரவிலும் மத்தியானத்திலும் அவர் கண்ணயரும்வரை மாமி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு இருந்து, பனையோலை விசிறியால் விசுக்குவா. இது வருஷக்கணக்காக நடந்தது. வீட்டில் எவரும் அதை ஒரு வேலையாக நினைக்கவே இல்லை. அடுப்பு மூட்டுவதைப்போல, மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதைப்போல அதுவும் நடந்துகொண்டிருந்தது. பிறகு மாமியின் வலது தோள் பிடித்துக்கொண்டது. வைத்தியம் பார்க்கிற பரியாரியார் எண்ணெய் கொடுத்தார். ஒத்தணம் கொடுத்துப் பார்த்தார்கள். கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. அப்படியும் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு விசுக்கத்தான் செய்தா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போயிருந்தபோது, மாமி கிணற்றடியில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தா. கொண்டை முடிவதற்குக் கை பின்னால் போகவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, கூந்தலை அப்படியே முதுகில் விட்டுவிட்டு நின்றா. என் மனைவி ஓடிப்போய் முடிந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும்தான் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ. ஊரிலை உள்ள எல்லாற்றை வீட்டுக்கும் காத்துக் குடுக்கிறியள். என்ரை அம்மாவுக்குக் கொண்டை முடியக் கை எழும்புதில்லை."

நான் என்ன செய்வேன்? மாமா வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்கு அப்போதுதான் மின்சாரக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பி இழுத்து, வீட்டுக்கு விளக்கு வந்த கிழமையே நான் வேலையைத் தொடங்கினேன். ஒரு பழைய பெரிய வீட்டில் கழற்றிப் போட்டிருந்த மின்விசிறி ஒன்று என்னிடம் இருந்தது. எந்த நாட்டுச் சாமானோ தெரியாது, சோற்றுப் பானை அளவு மோட்டார். அதை அடிமுதல் நுனிவரை புதுக்கினேன். கம்பி சுற்றும்போது ஒரு சுற்று மேலே ஏறியதென்று முழுவதையும் பிரித்துத் திரும்பச் சுற்றினேன். மூன்று இறக்கைகளையும் தராசில் போட்டு நிறை பார்த்து, பாரமானதை அரத்தால் ராவிச் சமப்படுத்தினேன். மாமி வீட்டுக்குப் போகிற சாமான் ஆடிக்கொண்டு சுற்றினால் நான் எந்த முகத்தோடு அங்கே சோறு தின்பது?

மாமா வீடு ஓட்டு வீடு. சுவருக்குச் சுவர் குறுக்கே போகிற பெரிய மரத்தை நாங்கள் தீராந்தி என்போம். மாமா வீட்டுத் தீராந்திகள் நல்ல வைரம் பாய்ந்த கறுப்புப் பனை. அதிலே துளை போடுவதென்றால் துறப்பணம் சூடேறிப் புகைக்கும். என் மனைவி கீழே ஏணியைப் பிடித்தாள். கேட்பதற்கு முன்பே திருகுச் சாவியையும் ஆணியையும் எடுத்துத் தந்தாள். அவளை மாதிரி ஒரு உதவியாள் எனக்குக் கடையிலே வாய்த்ததில்லை. மாமா வாசலில் நின்று, பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். வழக்கம்போலக் கொழுக்கியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினேன்.

"நீர் தொங்கினனீர், சரி. ஆனா நீர் சுத்தேல்லையே. அது சுத்தவுமெல்லே போகுது" என்றார் மாமா.

மின்விசிறியைக் கொழுவி, மோட்டாருக்கு மேலே கழண்டு விழாமலிருக்க ஓர் ஊசியைச் செருகி, சுவிட்ச் போட்டேன். சத்தமே இல்லாமல் ஓடியது. மாமி குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தா. கட்டில் விரிப்பு அசைவதைக் கண்டு சிரித்தா. எனக்கு அது போதும் என்று வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த கிழமையே ஆள்மூலம் செய்தி வந்தது. ஃபானில் காற்று வரவில்லையாம்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு கோபத்தோடுதான் போனேன். போய்ப் பார்த்தால் மின்விசிறி அறையின் நடுவில் ஜம்மென்று சுற்றுகிறது. அதற்குக் கீழே வெறும் நிலம். கட்டில் சுவரோரத்தில் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி. முக்காலியிலே மாமி, கையில் ஓலை விசிறி. நிலத்துக்குக் காற்று வாங்கிக் கொடுத்துவிட்டு மனுஷருக்குக் கையால் விசுக்குகிறார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மேலே பார்த்தார்.

"தீராந்திக்குக் கீழை ஆரும் படுப்பினமோ, தம்பி? நெஞ்சை அமுக்குமெல்லே" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடிக்கவும் செய்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் சனத்துக்குத் தீராந்திக்குக் கீழே கட்டில் போடக் கூடாது என்பது நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும், என் கட்டிலும் தீராந்திக்கு விலகித்தான் கிடக்கிறது. ஆனால் மின்விசிறியைத் தீராந்தியில்தான் பூட்ட முடியும் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை. பிறகு யோசித்தால், நான் பூட்டிய வீடுகளிலெல்லாம் காற்று வரவில்லை என்று சனம் ஏன் முறையிட்டது என்பதும் விளங்கியது. நான் அவர்களுக்குக் கொண்டென்சர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சுவரோரம் படுத்திருந்தார்கள்.

"சத்தம் போடாதையுங்கோ, அப்பாவுக்கு இழுக்கும்" என்றாள் மனைவி. சத்தம் போடாமல் கழற்றினேன். மறுபடி போகும்போது ஒரு நீட்டு இரும்புக் குழாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், ஒரு தீராந்தியிலிருந்து மற்றத் தீராந்திக்குப் பாலம் போலப் போட்டு, இரண்டு பக்கமும் பட்டை அடித்து இறுக்கி, அந்தக் குழாயின் நடுவில் மின்விசிறியைத் தொங்கவிட்டேன். இப்போது அது இரண்டு தீராந்திகளுக்கும் நடு வெளியில் நின்றது. கட்டிலை அதற்கு நேர் கீழே இழுத்துப் போட்டோம். மாமா படுத்துப் பார்த்தார். வலப்பக்கத் தீராந்தியைப் பார்த்தார், இடப்பக்கத் தீராந்தியைப் பார்த்தார். கண்ணாலே அளந்துவிட்டு, "ம்" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பத்திரம் கிடைக்காது.

அந்தக் குழாய் வேலை ஊரிலே பரவிவிட்டது. "தீராந்தி படாமல் பூட்டுறவர்" என்று என்னைத் தேடி மானிப்பாயிலிருந்தும் சங்கானையிலிருந்தும் வந்தார்கள். பழைய ஆட்களும் திரும்ப வந்தார்கள். கடையில் வேலை குவிந்தது. மாமாவுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

கும்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தது. ஃபான் சத்தமாம். போனேன்; சத்தம் இல்லை. இருந்தும் இறக்கிக் கிரீஸ் மாற்றிவிட்டு வந்தேன். பிறகு, காற்று வறட்டுக் காற்றாம், தொண்டை காய்கிறதாம். றெகுலேற்றரில் வேகத்தைக் குறைத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் பெரிய குற்றச்சாட்டு வந்தது. ஃபான் இடையிலே நின்றுபோகிறதாம். பகலில் எல்லோரும் பார்க்க ஓடுமாம். மாமா படுத்துக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுமாம். மாமி வந்து விசுக்க வேண்டியிருக்கிறதாம்.

இதுதான் என்னைச் சுட்டது. சத்தமும் வறட்டுக் காற்றும் போகட்டும். நின்றுபோகிற மின்விசிறி என்றால் அது என் கை செய்த பிழை. அதைவிட, நான் பூட்டியதற்குப் பிறகும் மாமியின் கை ஓயவில்லை. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மாவுக்கு இப்ப இடக் கையும் நோகுதாம்" என்று மட்டும் சொன்னாள். மின்விசிறியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து முன்கொழுக்கியில் கொழுவினேன். இரவு பகலாக ஓடவிட்டேன். ஒரு தரமாவது நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மாமன் வீட்டு ஃபான் நிக்குதாம் எண்டு கேள்விப்பட்டன். இஞ்சை நிக்குதில்லை. அப்ப மாமனை மாத்திப் பாரும்" என்றார். அவருடைய தேத்தண்ணீரைப்பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டினேன். சுவிட்சைப் புதிதாகப் போட்டேன். வயரை மாற்றினேன். பழுது மறுபடியும் வந்தது. அப்போது ஒரு முடிவுக்கு வந்தேன். அது நிற்கிற நேரத்தில் நானே அங்கே இருந்து, நின்ற கையோடு பிடித்துப் பார்ப்பது. வேறு வழி இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம். நன்றாகச் சாப்பிட்டோம். மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். மாமி குசினிக்குள். மாமா தன் அறைக்குப் போய், மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தார். நான் பக்கத்து அறையிலே, கதவுத் திரைக்கு இந்தப் பக்கம், கையில் டெஸ்டரோடு ஒரு கதிரையில் இருந்தேன். நான் தூங்கப் போய்விட்டதாக மாமா நினைத்திருக்க வேண்டும். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். எனக்கே கண் சொருகியது.

கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது. திரையின் ஓரத்தால் பார்த்தேன். மாமா எழும்பி இருந்தார். வாசலை ஒரு தரம் பார்த்தார். மெல்ல எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், சுவிட்சை நிற்பாட்டினார். டக் என்றது. திரும்பி வந்து படுத்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். இறக்கைகள் ஓயும்வரை பொறுத்திருந்தார். அந்த அளவு கவனம். பிறகு குரல் கொடுத்தார்.

"இஞ்சாரப்பா. உது நிண்டுபோச்சுது."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போக எழும்பியும் விட்டேன். அதற்குள் மாமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, ஓலை விசிறியை எடுத்து முக்காலியில் இருந்தா. விசுக்கத் தொடங்கினா. மாமா கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்.

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அந்த மனுஷன் அவ்வளவு கதைப்பார் என்று எனக்குத் தெரியாது. கிழக்குப் பக்கப் புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் காணாது என்றார். பக்கத்து வளவுக்காரன் வேலியை இந்தப் பக்கம் அரக்கியிருக்கிறான் என்றார். மாமி, சிவப்பி இப்போது காலையில் பால் குறைவு என்றா. கலியாணமான புதிதில் ஒரு தரம் கோயில் திருவிழாவுக்கு மழையில் நனைந்துகொண்டு போனதைப்பற்றி மாமா என்னவோ சொன்னார்; மாமி விசுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தா. கல்யாணம் முடித்த நாளிலிருந்து, பகல் முழுக்கச் சேர்த்துவைத்த கதையெல்லாம் இந்த முக்காலியில்தான் நடந்திருக்கிறது. வீட்டிலே ஆட்கள், தோட்டத்திலே ஆட்கள். ஓலை விசிறி கையில் இருந்தால்தான் மாமி அந்த அறையில் இருப்பதற்கு ஒரு காரணம். அந்தக் காரணத்தைத்தான் நான் மின்சாரம் கொடுத்து இல்லாமல் செய்திருக்கிறேன்.

"பிள்ளை மெலிஞ்சுபோனாள்" என்றார் மாமா.

"வேலை கூடத்தானே. கடைக்கும் போய் உதவி செய்யிறாள்."

"அவர் பாத்துக்கொள்ளுறாரோ?"

"நல்ல பிள்ளை. வாய்தான் கொஞ்சம்."

"வாய் கிடக்கட்டும். வேலை தெரிஞ்ச கை. உந்த ஃபானைப் பாத்தனியே, ஒரு சத்தம் இல்லை" என்றார் மாமா.

நின்றுகொண்டிருந்த மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னார். என் முகத்துக்கு நேரே அந்த மனுஷன் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை, பிறகும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதே நேரத்தில் மாமியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினா. பிறகு திரும்ப வலது கைக்கு. மாற்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்தா. மாமா கண்ணை மூடியிருந்தார். அவருக்கு அது தெரியாது.

மாமா கண்ணயர்ந்த பிறகு நான் குசினிக்குப் போனேன். மாமி தேத்தண்ணீருக்குக் கேத்தில் வைத்துக்கொண்டிருந்தா. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "மாமி, ஃபானிலை ஒரு பழுதும் இல்லை" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றா. "சுவிச்சு டக் எண்டிறது எனக்கும் கேக்கும்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் போய் விசுக்கிறியள்?"

மாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "கூப்பிடுறார்" என்றா. கேத்திலை இறக்கிக்கொண்டு, "ஃபான் ஓடேக்கை நான் அங்கை போய் என்னத்துக்கு எண்டு இருக்கிறது? ஆரும் வந்து பாத்தால் என்ன நினைப்பினம்" என்றா. எனக்குத் தேத்தண்ணீரை ஊற்றித் தரும்போது கேத்திலை இரண்டு கையாலும் பிடித்திருந்தா.

அந்தத் தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நான் யோசித்துவிட்டேன். மோட்டார் பழுதென்றால் எனக்குச் சரிசெய்யத் தெரியும். இது வேறு பழுது. மாமாவிடம் போய், நீங்கள்தான் நிற்பாட்டுகிறீர்கள் என்று சொன்னால் மனுஷன் கூச்சத்தில் சுருண்டுவிடுவார். பிறகு மின்விசிறி ஓடும்; மாமி குசினியில் இருப்பா; அவர் தனியே மேலே பார்த்துக்கொண்டு கிடப்பார். மாமியின் கை சுகமாகும். ஆனால் அந்தச் சிரிப்பு?

மாமா எழும்பியதும் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன். மனைவி வந்து ஏணியைப் பிடித்தாள். மேலே ஏறி, பழுது ஒன்றுமில்லாத திருகாணிகளைக் கழற்றிப் பூட்டினேன். மோட்டாரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டேன். இறங்கிவந்து, சுவரில் இருந்த றெகுலேற்றர் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினேன். பிறகு ஒரு வைத்தியர் சொல்லுகிற முகத்தோடு சொன்னேன்.

"மாமா, பழுதைப் பிடிச்சிட்டன். இது பழைய மோட்டர். உந்தப் பெட்டி இருந்தாப்போலை சூடாகும், அப்பதான் நிக்கிறது. ஓடேக்கை ஓராள் கிட்ட இருந்து, இடைக்கிடை பெட்டியைத் தொட்டுப் பாத்துக்கொள்ள வேணும். ஆள் இருந்தால் ஒரு பிரச்சினையும் வராது."

மாமா என்னைப் பார்த்தார். கொஞ்சம் நீளமாகவே பார்த்தார். "ஆர் இருக்கிறது?" என்றார்.

"மாமி இருக்கலாம்தானே."

"அவவுக்கு வேலை கிடக்கு."

"விசுக்கத் தேவையில்லை மாமா. சும்மா கதிரையிலை இருந்தால் போதும். ஆனா ஆள் இல்லாமல் மட்டும் ஓடவிடக் கூடாது. மோட்டர் எரிஞ்சுபோனால் இப்ப கம்பியும் எடுக்கேலாது."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி வாயைத் திறந்தாள். அந்தப் பெட்டி சூடாவது சாதாரணம் என்று அவளுக்குத் தெரியும். நான் அவளைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள். குசினி வாசலில் மாமி நின்றா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் வாயில் வைத்துக்கொண்டிருந்தா.

"ம்" என்றார் மாமா. பிறகு முக்காலியைப் பார்த்து, "உதிலை கனநேரம் இருக்கேலாது. முதுகு நோகும். அந்தச் சாய்மனைக்கதிரையை உள்ளுக்கை கொண்டந்து போடுங்கோ" என்றார். நான்தான் தூக்கிப் போட்டேன். அந்தக் கதிரையில் அதுவரை மாமாவைத் தவிர ஒருவரும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு ஃபான் நின்றதாகச் செய்தி வரவில்லை. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. செய்தி வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு யோசனை. நாங்கள் பிறகும் போய்வந்தோம். போகும்போதெல்லாம் ஆட்கள் இருப்பார்கள், கேட்க முடியாது. மாமியின் கை மெல்ல மெல்ல இளகியது. முதலில் கறி பிரட்டும்போது நோவில்லை என்றா, பிறகு துவைக்கும்போது நோவில்லை என்றா. அப்படி இருக்கும்போது ஒரு நாள், பக்கத்து ஊரில் ஒரு வேலைக்குப் போன இடத்தில் வேலை வெள்ளனவே முடிந்தது. மனைவியும் கூட வந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் சண்டிலிப்பாய்க்குப் போனோம். நல்ல மத்தியானம். படலையைத் திறந்தோம், ஒருவரையும் காணவில்லை. குசினியில் மாமி இல்லை. கிணற்றடியிலும் இல்லை. மாமாவின் அறைக்குள் மின்விசிறி ஓடுகிறது.

மனைவிதான் முதலில் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

கட்டிலில் படுத்திருந்தது மாமி. நல்ல நித்திரை. வலது கையைத் தலைக்கு மேலே மடித்து வைத்திருந்தா. நெற்றி மயிர் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாய்மனைக்கதிரையில் மாமா நிமிர்ந்து இருந்தார். மூச்சு இழுத்தது, சாய்ந்துகூட இருக்கவில்லை. ஒரு கை சுவரில் இருந்த றெகுலேற்றர் பெட்டியின்மேல் இருந்தது. கண் மேலே மின்விசிறியில் இருந்தது.

எங்களைக் கண்டதும் மற்றக் கையைத் தூக்கி, சத்தம் போட வேண்டாம் என்று காட்டினார்.

"அப்பா, நீங்கள் படுக்கேல்லையோ?" என்று மெல்லக் கேட்டாள் என் மனைவி.

"நானும் படுத்தால் உந்தப் பெட்டியை ஆர் பாக்கிறது?" என்றார் மாமா, அதைவிட மெல்ல. "இப்பதான் அயர்ந்தவ. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ."